பழைய ஸ்டீல் டூரிங் ஃப்ரேம்ல சைக்ளோகிராஸ் பைக், 350 பவுண்டுக்குள்ள முடியுமா?

கிராய்டன்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். மார்க்கெட்ப்ளேஸ்ல ஒரு பழைய டாஸ் கேலக்ஸி ஃப்ரேம் ஃபோர்க்கோட 60 பவுண்டுன்னு போட்டிருந்தாங்க, பேசி வச்சிருக்கேன், சனிக்கிழமை போய் பாத்துட்டு வாங்கறதா இருக்கேன். 80-கள் கடைசில வந்தது, ரெனால்ட்ஸ் 531 ஸ்டீல் டியூப்னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு, கேன்டிலீவர் பிரேக் (ரிம்மை ரெண்டு பக்கமும் புடிக்கற ரகம்) மாட்டற கட்டை ஃபோர்க்லயும் பின்னாடியும் இருக்கு. இத வச்சு இந்த சீசன் லோக்கல் லீக்ல சைக்ளோகிராஸ் ஓடணும்னு ஆசை, அதான் சேத்துலயும் புல்லுலயும் ஓட்டி, நடுவுல பைக்கை தோள்ல தூக்கிட்டு ஓடற ரேஸ். புதுசா டிஸ்க் பிரேக் வச்ச பைக்னா ஆயிரத்துக்கு மேல போகுது, அதுக்கு வீட்ல இடமும் இல்ல காசும் இல்ல. மொத்தமா 350 பவுண்ட் வச்சிருக்கேன், ஃப்ரேம் காசும் அதுலதான். ஊர்ல சின்ன வயசுல சைக்கிள் கடையில உக்காந்து ஓவராயில் பண்ணி பழக்கம் இருக்கு, கோட்டம் எடுக்க தெரியும், பால்ரஸ் மாத்த தெரியும். ஆனா இந்த கேன்டிலீவர், எஸ்டிஐ (பிரேக்கும் கியரும் ஒரே லீவர்ல வர்றது) எல்லாம் புதுசு. என்னென்ன பாக்கணும்னு சொல்லுங்க.

பழையஇரும்பு:
வாங்க தம்பி. நான் லீட்ஸ் பக்கம் இருக்கேன், இந்த மாதிரி பழைய ஃப்ரேம்லதான் பல வருஷமா ஓடிட்டிருக்கேன். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் முதல்ல மண்டைல ஏத்திக்கங்க, மத்ததெல்லாம் அப்புறம். சைக்ளோகிராஸ்க்கு ஃப்ரேம் எடுக்கறதுன்னா இடைவெளி எடுக்கறதுதான். டியூப் என்ன, எடை என்ன, பெயின்ட் என்னன்னு பாக்கறதுக்கு முன்னாடி டயருக்கும் ஃப்ரேமுக்கும் நடுவுல எவ்வளவு காத்து இருக்குன்னு பாருங்க. யூசிஐ (உலக சைக்கிள் சங்கம்) ரேஸ்ல டயர் 33 எம்எம்க்கு மேல போகக்கூடாது, அதனால டயர்காரங்க எல்லாம் அந்த அளவுக்குத்தான் நல்ல டயர் பண்றாங்க. 33 டயருக்கு ரெண்டு பக்கமும் 6 எம்எம் விட்டா 45 எம்எம் வேணும். இது காஞ்ச தரையில ஓடறதுக்கு இல்ல, சேறும் புல்லும் இலையும் சேந்து டயர்ல ஒட்டிக்கிட்டு சுத்தறதுக்கு விடற இடம்.

சனிக்கிழமை போகும்போது ஒரு வெர்னியர் காலிப்பர், ஒரு 6 எம்எம் ஆலன் கீ எடுத்துட்டு போங்க. மூணு இடத்துல அளங்க: பின் சக்கரத்துல இருந்து வர்ற ரெண்டு கீழ் டியூப் (செயின்ஸ்டே) பெடல் பக்கம் வந்து சேர்ற இடத்துல டயரோட அகலம் எங்க வரும்னு பாத்து அந்த உயரத்துல, அதுக்கு மேல சீட்ஸ்டேக்கு (சீட்டுக்கு அடியில இருந்து பின் சக்கரத்துக்கு இறங்கற ரெண்டு டியூப்) குறுக்க போற பாலம், முன்னாடி ஃபோர்க் கிரவுனுக்கு (ஃபோர்க்கோட ரெண்டு காலும் மேல சேர்ற இடம்) அடியில. முடிஞ்சா டயர் போட்ட சக்கரத்தையே கொண்டு போய் மாட்டிப் பாருங்க, ஆலன் கீ ரெண்டு பக்கமும் தாராளமா போய் வரணும். மாட்டிக்கிச்சுன்னா எவ்வளவு அழகான ஃப்ரேமா இருந்தாலும் விட்டுட்டு வந்துடுங்க. டூரிங் ஃப்ரேம்னா மட்கார்டு போட்டு 32 டயர் ஓட்டறதுக்குன்னு செஞ்சது, மட்கார்டை கழட்டினா அந்த இடம் பூராவும் நமக்கு கெடைக்கும், அதனாலதான் ரோடு ரேஸ் ஃப்ரேமை விட இது நமக்கு ஆகும்.

மழைக்காரி:
இடைவெளியோட சேத்து ரெண்டு விஷயம், காசு குடுக்கறதுக்கு முன்னாடியே பாக்கணும். ஒண்ணு சீட் போஸ்ட் அசையுதான்னு. அலுமினிய போஸ்ட் ஸ்டீல் ஃப்ரேம்குள்ள வருஷக்கணக்கா கிரீஸ் இல்லாம இருந்தா ரெண்டும் அரிச்சு ஒட்டி ஒண்ணாயிடும், கையால திருகி அசையலன்னா விலைய கொறைங்க இல்லன்னா விடுங்க. கடைசி வழியா காஸ்டிக் சோடா ஊத்தி அலுமினியத்தையே கரைக்கறவங்க இருக்காங்க, ஸ்டீலுக்கு ஒண்ணும் ஆகாது, ஆனா அது தோலையும் கண்ணையும் பொசுக்கிடும், ஹைட்ரஜன் வாயு வரும், ஃபிளாட்ல பண்ற வேலையே இல்ல. ரெண்டாவது துரு. பெயின்டுக்கு மேல தெரியற துருவ விட பிபி (பெடல் அச்சு சுத்தற பாட்டம் பிராக்கெட்) ஷெல்லுக்குள்ள இருக்கற துருதான் ஆபத்து, தண்ணி எல்லாம் கடைசில அங்கதான் போய் நிக்கும். பிபி கழட்டியிருந்தா டார்ச் அடிச்சு உள்ள பாருங்க. செயின்ஸ்டே, டவுன் டியூபோட அடிப்பக்கம் எல்லாம் பெயின்ட் கொப்புளம் மாதிரி வந்திருந்தா விரல் நகத்தால அழுத்திப் பாருங்க. ஹெட் டியூபுக்கு (ஹேண்டில்பாருக்கு கீழ இருக்கற குட்டை டியூப்) பின்னாடி டாப் டியூபுக்கும் டவுன் டியூபுக்கும் அடியில விரலால தடவினா சின்ன மேடு தட்டுதான்னு பாருங்க, தட்டினா அது எப்பவோ எங்கயோ மோதின ஃப்ரேம்.

ஸ்போக்செல்வம்:
நான் கொஞ்சம் மாத்தி சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க ப்ரோ. எல்லாரும் டிஸ்க் பிரேக்குக்கு மாறிட்டதால கேன்டிலீவர் வச்ச பழைய முழு சைக்ளோகிராஸ் பைக் இப்ப ரொம்ப மலிவா வருது. பொறுமையா தேடினா உங்க 350-க்குள்ளயே முழு பைக்கே கெடைக்கும், அலுமினிய ஃப்ரேம், இடைவெளி பிரச்சனையே இல்ல, பிபி உயரமா இருக்கும், கேபிள் எல்லாம் டாப் டியூப் மேல போகும். 35 வருஷ ஃப்ரேம்ல ஏன் மல்லுக்கட்டணும்?

பழையஇரும்பு:
செல்வம் சொல்றது நியாயம்தான், நான் மறுக்கல. தம்பியோட சைஸ்ல அப்படி ஒண்ணு கண்ணுல பட்டா அதையே வாங்கலாம். ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. அந்த பழைய அலுமினிய பைக்ல ஒரு ரேஸ் சீசன் சேறு பூரா ஏறி இறங்கியிருக்கும், ஹப், ஹெட்செட் (ஹேண்டில்பார் திரும்பற பேரிங்), பிபி, செயின், கேசட் (பின்னாடி பல்லுச்சக்கர அடுக்கு) எல்லாமே மாத்தற நெலமையிலதான் விப்பாங்க, 200-க்கு வாங்கி 150-க்கு சாமான் போடணும். அதோட அலுமினியம் விரிசல் விட்டா முடிஞ்சது. 531 ஃப்ரேம்ல டிராப்அவுட் (சக்கர அச்சு உக்கார்ற பிளவு) வளைஞ்சா நேர் பண்ணலாம், பிரேக் மாட்டற கட்டை ஒடைஞ்சா பத்த வைக்கலாம். ரெனால்ட்ஸ்காரன் 1935-ல கொண்டு வந்த டியூப் அது, அந்த காலத்து ஃப்ரேம் இன்னும் ரோட்டுல ஓடுது.

1992-ல இங்க ரவுண்ட்ஹே பார்க்ல உலக சாம்பியன்ஷிப் நடந்துச்சு, மைக் க்ளூகே ஜெயிச்சாரு, ஜூனியர்ல நம்ம இங்கிலாந்து ரோஜர் ஹாமண்ட். அன்னைக்கு சைக்ளோகிராஸ்னாலே கேன்டிலீவர் பிரேக்தான், யூசிஐ டிஸ்க்குக்கு கதவ திறந்ததே 2010-லதான். லோக்கல் லீக்ல நடுவுல ஓடறவனுக்கு அந்த பிரேக்கே தாராளம்.

கிராய்டன்காரன்:
போய் வாங்கிட்டேன்! இடைவெளி பின்னாடி 46, முன்னாடி அதுக்கு மேலயே இருக்கு. சீட் போஸ்ட் 27.2, கையாலயே கழண்டு வந்துச்சு. துரு லேசாதான், உள்ள பாத்தேன் பழுப்பா இருக்கு ஆனா செதில் செதிலா உதிரல. ஒரு சந்தேகம், பின்னாடி டிராப்அவுட் நடுவுல 126 எம்எம்தான் வருது. இப்ப கெடைக்கற ரிம் பிரேக் ரோடு சக்கரம் எல்லாம் 130-ன்னு சொல்றாங்களே?

பழையஇரும்பு:
46-ஆ, அருமை. 126 வர்றது அந்த காலத்து 6, 7 ஸ்பீடுக்கு போட்ட அளவு. 130-க்கு விரிக்கலாம், ஸ்டீலா இருக்கறதாலதான் முடியும், அலுமினியத்துலயோ கார்பன்லயோ கைய வைக்கவே கூடாது. கையால இழுத்து 130 சக்கரத்தை நுழைக்கவும் முடியும்தான், ஆனா ரேஸ்ல பஞ்சர் ஆகி விரல் விறைச்சு போயிருக்கும்போது அது வேலைக்காகாது, நிரந்தரமா விரிச்சிடுங்க.

10 எம்எம் திரெட் ராடு ஒண்ணு, நட்டு, வாஷர். டிராப்அவுட் ரெண்டுக்கும் நடுவுல ராடை வச்சு உள்பக்கம் ரெண்டு நட்டு, அத வெளியே தள்ளற மாதிரி ஸ்பேனரால கொஞ்சம் கொஞ்சமா திருகணும். ஸ்டீல் திரும்பி வரும், அதனால 130-ல நிறுத்தினா மறுபடி 126-க்கே வந்துடும், நல்லா தாண்டித்தான் போகணும். ஆனா ஒரே மூச்சுல போகாதீங்க, கொஞ்சம் விரி, நட்ட தளர்த்து, அள, மறுபடி விரி. இதுல பொறுமை இல்லன்னா வேலைய எடுக்காதீங்க.

அதுக்கப்புறம்தான் முக்கியமான வேலை. ரெண்டு பக்கமும் சமமா விரியணும்னு இல்ல, பெரும்பாலும் ஒரு பக்கம் கூட போகும். ஒரு நூல எடுத்து இடது டிராப்அவுட்ல கட்டி, முன்னாடி ஹெட் டியூபை சுத்தி கொண்டுவந்து வலது டிராப்அவுட்ல இறுக்கி கட்டுங்க. இப்ப நூலுக்கும் சீட் டியூபுக்கும் நடுவுல ரெண்டு பக்கமும் காலிப்பரால அளங்க. ரெண்டும் ஒண்ணா இருந்தா ஃப்ரேம் நேரா இருக்குன்னு அர்த்தம். ஷெல்டன் பிரவுன்னு ஒரு அமெரிக்க சைக்கிள் மெக்கானிக் தன்னோட தளத்துல எழுதி வச்சிட்டு போன முறை இது, அவர் 2008-ல காலமாயிட்டாரு, இன்னைக்கும் பழைய பைக் வேலை பாக்கறவங்க அவர் எழுதினதைத்தான் பிரிச்சு பாக்கறோம். ஒரு பக்கம் கூட இருந்தா அந்த பக்கத்தை மட்டும் கையால உள்ள தள்ளுங்க. கடைசியா டிராப்அவுட் ரெண்டு முகமும் ஒண்ணுக்கொண்ணு இணையா இருக்கணும், அதுக்கான கருவி எல்லார்கிட்டயும் இருக்காது, நல்ல சைக்கிள் கடையில கொஞ்சம் காசு குடுத்து பண்ணிக்கங்க. டிரெய்லர் (கியர் மாத்த செயினை தள்ளற பகுதி) மாட்டற ஹேங்கரையும் அப்பவே நேர் பண்ணச் சொல்லுங்க, இல்லன்னா கியர் எவ்வளவு டியூன் பண்ணாலும் உக்காராது.

வடமராட்சியான்:
தம்பி, நான் ஹரோவில இருக்கிறன். சாமானை ஒவ்வொண்டா வாங்க வெளிக்கிட்டா காசு தண்ணி மாதிரிப் போகும். பிறேம் வெடிச்ச, இல்லாட்டி நசுங்கின பழைய ரோட் பைக் ஒண்டைப் பாத்து முழுசா வாங்குங்கோ. ஷிமானோ 9 ஸ்பீட் சோரா இல்லாட்டி தியாக்ரா போட்டது 100, 120 பவுணுக்கு கிடக்கும். அதில இருந்து எஸ்டிஐ லீவர் ரெண்டும், சில்லு ரெண்டும், கிராங்க், பிபி, ஹேண்டில்பார், சீற் எல்லாம் கழட்டி எடுத்திடலாம். அதின்ர ஸ்டெம் (ஹேண்டில்பாரைப் பிடிக்கிற தண்டு) மட்டும் பொருந்தாது, கேலக்ஸியில ஒரு இஞ்சி திரெட் ஹெட்செட், போர்க்குக்குள்ள இறங்கிற குயில் ஸ்டெம் 22.2 எம்எம். அதுக்கு அடப்டர் ஒண்டு மலிவா வரும்.

9 ஸ்பீட் எண்டு நான் சொல்லுறதுக்கு காரணம் இருக்கு. ஷிமானோ ரோட் 8, 9, 10 ஸ்பீட் லீவரும் மவுண்டன் பைக் 9 ஸ்பீட் பின் டிரெய்லரும் ஒரே அளவு கேபிள்தான் இழுக்கும். அதால மவுண்டன் டிரெய்லர் பழசு ஒண்டைப் போட்டு 11-32 கசற் ஓடலாம். மவுண்டன் 10 ஸ்பீட் டிரெய்லரை மட்டும் வாங்கிப்போடாதேங்கோ, அது வேற கணக்கு, சேராது. முன்னுக்கு ரெண்டு பல்லுச்சக்கரத்தையும் கழட்டிப்போட்டு 40 பல்லு, ஒண்டு விட்டு ஒண்டு தடிச்ச பல்லு வச்சது ஒண்டே போடுங்கோ, சேத்துக்குள்ள செயின் கழராது. முன் டிரெய்லரும் தேவையில்லை, அந்த இடத்தில சேறும் அடையாது. போட முன்னம் 40 பல்லு செயின்ஸ்டேயில முட்டுதோ எண்டு பாருங்கோ.

கிராய்டன்காரன்:
அண்ணை ரொம்ப நன்றி. அந்த மாதிரியே டாப் டியூப் நசுங்கின சோரா பைக் ஒண்ணு 110-க்கு மடக்கிட்டேன். பிபி கழட்டறதுல மாட்டிக்கிட்டேன், வலது பக்கம் அசையவே மாட்டேங்குது.

மழைக்காரி:
எந்த பக்கம் திருகறீங்க? இங்கிலீஷ் திரெட்ல செயின் பக்கம் இருக்கறது எதிர்மறை, கடிகார முள் சுத்தற பக்கம் திருகினாத்தான் கழலும். இடது பக்கம் வழக்கம் போல. மாட்டும்போது திரெட்டுக்கு கிரீஸ் நெறைய போடுங்க. கேலக்ஸியும் அதே 68 எம்எம் இங்கிலீஷ் திரெட்தான் இருக்கணும், ஒருக்கா அளந்துட்டு அதே பிபிய இதுல ஏத்துங்க. ஷெல்லுக்கு அடியில தண்ணி வடிய ஓட்டை இல்லன்னா சின்னதா ஒண்ணு போட்டுடுங்க. எல்லாம் மாட்டறதுக்கு முன்னாடி டியூப்குள்ள எல்லாம் துரு தடுக்கற வேக்ஸாயில் அடிச்சு ஃப்ரேமை அப்படி இப்படி புரட்டி விடுங்க.

கோவைசைக்கிள்:
ஏனுங்க, நடுவால ஒண்ணு கேட்டுக்கறேன். இங்க நம்மூர்ல அப்பா ஓட்டுன பழைய ரோட்ஸ்டர் ஒண்ணு சும்மா கெடக்குதுங்க. இடைவெளின்னு பாத்தா அதுலதான் எக்கச்சக்கமா இருக்குது. அதுல பண்ணலாமுங்களா?

பழையஇரும்பு:
இடைவெளி இருக்கும்ங்க, ஆனா அது 28க்கு ஒண்ணரை சக்கரம், ரிம் அளவு 635 எம்எம். நமக்கு வேண்டிய 622 ரிம் (700சின்னு சொல்றது) போட்டா பிரேக் எட்டாது, ராடு பிரேக்கை எடுத்துட்டா வேற பிரேக் மாட்ட கட்டையும் கெடையாது. ஃப்ரேம் கோணம் ரொம்ப சாய்ஞ்சிருக்கும், எடையும் தோள்ல தூக்கற எடை இல்ல. அப்பா ஓட்டுனதை அப்படியே சுத்தம் பண்ணி கடைக்கு போக வர ஓட்டுங்க. சைக்ளோகிராஸ் மாதிரி ஒண்ணு வேணும்னா வி பிரேக் போட்ட 700சி ஹைப்ரிட் ஸ்டீல் ஃப்ரேம் பழசு தேடுங்க, கட்டையும் இருக்கும் இடமும் இருக்கும்.

கிராய்டன்காரன்:
பைக் நிக்குது, சக்கரம் சுத்துது! இப்ப பிரேக்தான். பழைய கேன்டிலீவர் செட்டு 15 பவுண்டுக்கு வாங்கி, பிரேக் கட்டை புதுசு போட்டேன். முன் பிரேக் புடிச்சா ஃபோர்க் மொத்தமும் தடதடன்னு ஆடுது, பயமா இருக்கு. இதுக்கு பேசாம டிஸ்க் மவுண்ட் பத்த வச்சிடலாமான்னு ஃப்ரெண்டு ஒருத்தர் கேக்கறாரு.

பழையஇரும்பு:
வேண்டவே வேண்டாம். டிஸ்க் புடிச்சா பாரம் பூரா ஃபோர்க்கோட ஒரு கால்ல அடியில போய் விழும், அந்த மெல்லிசான கால் அதுக்காக செஞ்சதே இல்ல. ஒடைஞ்சா மூஞ்சிதான் மொதல்ல தரைக்கு வரும்.

தடதடப்புக்கு காரணம் எளிது. பிரேக் கேபிளோட உறை வந்து நிக்கற ஹேங்கர் மேல ஹெட்செட்ல இருக்கு, பிரேக் கட்டை கீழ ஃபோர்க்ல இருக்கு. பிரேக் புடிச்சதும் ஃபோர்க் பின்னாடி வளையுது, வளைய வளைய நடுவுல இருக்கற கேபிள் இன்னும் இழுபடுது, பிரேக் இன்னும் இறுகுது, டயர் நழுவி ஃபோர்க் முன்னாடி வருது, மறுபடி அதே கதை. அதனால ஹேங்கரை ஃபோர்க் கிரவுன்லயே மாட்டிட்டா அந்த இழுப்பே இல்ல. உங்க ஃபோர்க் கிரவுன்ல மட்கார்டு மாட்டற ஓட்டை இருக்கும், அதுல போல்ட் போட்டு மாட்டற ஹேங்கர் பத்து பவுண்டுக்குள்ள வரும். பிரேக் கட்டையோட முன் முனை ரிம்மை முதல்ல தொடற மாதிரியும் வைங்க.

பிரேக்கோட ரெண்டு கையையும் இணைக்கற குறுக்கு கேபிளோட உயரமும் பாருங்க. நடு முடிச்சு டயருக்கு பக்கத்துல தாழ இருந்தா பிரேக் பலமா புடிக்கும், ஆனா லீவர் நெறைய இழுக்கணும், சேறும் சிக்கும். மேல தூக்கினா லீவர் கெட்டியா இருக்கும், பிடி கொறையும். ரெண்டுக்கும் நடுவுல உங்க கைக்கு தோதா ஒரு எடம் வரும்.

வடமராட்சியான்:
மினி வி எண்டு 80, 85 எம்எம் கை வச்ச பிறேக் இருக்கு, ரோட் லீவரோட வேலை செய்யும், தடதடப்பும் இல்லை, நல்லாப் பிடிக்கும். ஆனா கட்டை ரிம்முக்கு நல்லாக் கிட்ட நிக்கும், சில்லு கொஞ்சம் கோணினாலும் உரசும், சேறு நிறைஞ்சா நிண்டிடும். எங்கட பக்கத்து களிமண் சேத்துக்கு நான் கேன்டிலீவர்தான் சொல்லுவன். சாதாரண நீளக் கை வி பிரேக்கை மட்டும் இந்த லீவரோட போடாதேங்கோ, லீவர் இழுக்கிற கேபிள் காணாது, பார் வரைக்கும் வந்தாலும் நிக்காது.

கிராய்டன்காரன்:
கிரவுன் ஹேங்கர் போட்டேன், தடதடப்பு சுத்தமா போயிடுச்சு! கணக்கு போட்டா ஃப்ரேம் 60, சோரா பைக் 110, ரெண்டு டயர் 50, மவுண்டன் டிரெய்லர் 12, கேசட்டும் செயினும் 32, பல்லுச்சக்கரம் 20, பிரேக் கட்டையோட 25, அடாப்டரும் ஹேங்கரும் 18, கேபிள் 10. மொத்தம் 337. பெடல் வீட்ல பழைய எஸ்பிடி (ஷூவோட மாட்டிக்கறது) கெடந்துச்சு. அடுத்த ஞாயிறு மொத ரேஸ். காத்து எவ்வளவு அடிக்கணும்? வேற என்ன பாக்கணும்?

மழைக்காரி:
சூப்பர்! டியூப் போட்டுதான ஓட்டறீங்க, 70 கிலோ சுத்தி இருந்தா 35 பிஎஸ்ஐல ஆரம்பிங்க. தரை பாத்து கொஞ்சம் கொஞ்சமா கொறைங்க, வேர்லயோ கல்லுலயோ ரிம் ணங்குன்னு தட்டிச்சுன்னா கொறைச்சது போதும், மேல ஏத்துங்க, இல்லன்னா டியூப் கடிபட்டு பஞ்சர். நல்ல டயரும் சரியான காத்தும் உங்க பைக் எடைய விட பல மடங்கு பேசும்.

பாட்டில் கூண்டு ரெண்டையும் கழட்டிடுங்க, தோள்ல தூக்கும்போது கை உள்ள போகாது. தூக்கறதுன்னா வலது கைய டவுன் டியூபுக்கு அடியில விட்டு ஹேண்டில்பாரை புடிக்கணும், டாப் டியூப் தோள்ல உக்காரணும், இந்த மெல்லிசான உருண்டை ஸ்டீல் டியூப் தோளுக்கு எவ்வளவு சுகம்னு ஓடும்போது தெரியும். தடுப்பு பலகை 40 சென்டிமீட்டர் வரைக்கும் இருக்கும், குதிச்சு தாண்ட வேண்டாம், இறங்கி தூக்கிட்டு ஓடி ஏறுங்க. வீட்டு பக்கத்து புல்வெளில ஒரு கட்டைய போட்டு பழகுங்க.

பழையஇரும்பு:
இன்னும் ஒண்ணு, கேலக்ஸில கியர் கேபிள் பிபிக்கு அடியில போகும், சேறு நேரா அங்கதான் அடையும், பாதி ரேஸ்ல கியர் விழாது. நடுவுல வெறும் கேபிளா விடாம லீவர்ல இருந்து டிரெய்லர் வரைக்கும் முழு உறையோட ஜிப் டை போட்டு கொண்டு போங்க. டூரிங் ஃப்ரேம்ல பிபி தாழ இருக்கும், ஆழமான தடத்துல மிதிக்கும்போது பெடல் தரையில இடிக்கும், அந்த எடத்துல மிதிக்காம உருட்டி விடுங்க.

ரேஸ் முடிஞ்சதும் வாட்டர் பிரஷர் ஹோஸை ஹப்புக்கும் பிபிக்கும் நேரா அடிக்காதீங்க, கிரீஸ் பூரா போயிடும். வீட்டுக்கு வந்ததும் சீட் போஸ்டை உருவி ஃப்ரேமை தலைகீழா நிறுத்துங்க, உள்ள போன தண்ணி வடியும்.

நல்லா பழகினதும் ஒரு வருஷம் இங்க யார்க்ஷயர்ல நடக்கற த்ரீ பீக்ஸ் சைக்ளோகிராஸ் ரேஸ்க்கு வாங்க. 1961-ல இருந்து நடக்குது, இங்கில்பரோ, வேர்ன்சைடு, பெனிகென்ட்னு மூணு மலை, 61 கிலோமீட்டர், சைமன் ஃபெல் ஏத்தத்துல பைக்கை தோள்ல போட்டுக்கிட்டு கைய ஊனி ஏறணும். டிராப் பார் (கீழ வளைஞ்ச ஹேண்டில்பார்) கட்டாயம், உங்க பைக்ல அது இருக்கு.

கிராய்டன்காரன்:
அதுக்கு இன்னும் காலம் இருக்கு அண்ணா, ஆனா மனசுல போட்டு வச்சிக்கறேன். முழு உறை கேபிள் இன்னைக்கே வாங்கிடறேன். 4 எம்எம் கியர் உறை தானே, பிரேக்குக்கு போடற 5 எம்எம் இல்லையே?

வடமராட்சியான்:
4 எம்எம் கியர் உறைதான். பிறேக் உறைய கியருக்குப் போட்டா அமுங்கும், கியர் சரியா விழாது. ரெண்டு மீற்றர் வாங்குங்கோ, ஹேண்டில்பாரைத் திருப்பேக்க இழுபடாமல் முன்னுக்கு கொஞ்சம் தாராளமா விட்டு வெட்டுங்கோ.